எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்: புதுச்சேரியில் மணப்பெண்ணின் சம்மதம்

புதுச்சேரியின் எல்லை நேர்கோடாக அமைந்ததன்று. ஆங்கிலேயரும் பிரஞ்சுக்காரரும் பதினெட்டாம் நூற்றாண்டு நெடுகப் போரிட்டு, பறித்தும் திருப்பிக் கொடுத்தும் ஓய்ந்தபோது, பிரஞ்சுக்காரர் கையில் எஞ்சியது துண்டு துண்டான நிலப்பரப்பே. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் ஊர்களுக்கிடையே பிரஞ்சு ஊர்கள் சிதறிக் கிடந்தன. சாலையில் சிறிது தொலைவு நடந்தால் ஓர் அரசின் ஆட்சி முடிந்து மற்றோர் அரசின் ஆட்சி தொடங்கும். இன்னும் சிறிது நடந்தால் முதல் அரசே மீண்டும் வரும். நகருக்கு வடக்கே ஒட்டினாற்போல் அமைந்த கோட்டக்குப்பம், முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் ஊர். அது ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. புதுச்சேரி நகரின் தென்பகுதியிலுள்ள முல்லா வீதியும் காஜியார் வீதியும் பிரஞ்சு இந்தியாவைச் சேர்ந்தவை. இரண்டு இடங்களிலும் ஒரே மொழி, ஒரே தொழுகை, ஒரே உறவுமுறை. பெண் கொடுத்தலும் எடுத்தலும் எல்லையைக் கணக்கில் கொண்டு நடந்ததில்லை. ஆனால் அப்பெண்ணின் வயது, அவளது சம்மதம், அவள் விரும்பாத மணத்திலிருந்து வெளிவரும் வழி ஆகியவற்றை இரு அரசுகளின் சட்டங்களும் இருவேறு விதமாக நோக்கின. கருப்பை நலம், பாலியல் நலம் என்று இந்நாளில் மருத்துவர்கள் பேசும் செய்திகளின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. ஒரு பெண் எந்த வயதில் தாயாகிறாள், அதில் அவள் மனத்துக்குப் பங்கு உண்டா என்பன மருத்துவமனைக்கு வருமுன்பே நிக்காஹ் மேடையில் முடிவாகிவிடுகின்றன.

பிரஞ்சுக்காரர் தம் சட்டத் தொகுப்புகளைப் புதுச்சேரியில் நடைமுறைப்படுத்தியது 1819ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ஆணையால். அதே ஆணையில் ஒரு விலக்கும் இருந்தது. இந்தியர்கள், அவர்கள் கிறித்தவராயினும் ‘மூர்’களாயினும் இந்துக்களாயினும், முன்போலவே தத்தம் குல வழக்கப்படியே நீதி பெறுவர் என்பது அது. மூர்கள் என்பது நம்மவர்க்கு ஐரோப்பியர் இட்ட பெயர். தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாத மரைக்காயரும் லெப்பையும் இராவுத்தரும் அரசுத் தாள்களில் மொரோக்கோ நாட்டார் போலத் தோன்றுவது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. எவ்வாறாயினும், முஸ்லிம்களின் மணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவை ஷரீஅத்தின்படியே நிகழ வேண்டும் என்பதைப் பிரஞ்சு அரசு ஏற்றுக்கொண்டது. 1880இல் குடிமைப் பதிவு முறை வலுப்படுத்தப்பட்டபோதும் வழக்கப்படி மணம் புரியும் உரிமை நிலைத்தது.

அடுத்த ஆண்டு வந்தது புகழ்பெற்ற ஆணை. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, எந்த இந்தியரும் தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. ஒருமுறை துறந்தால் துறந்ததுதான். திரும்பப் பெற இயலாது. துறந்தவரின் வழித்தோன்றல்களுக்கும் அது பொருந்தும். இவர்களே ‘ரெனோன்சான்’ எனப்பட்டோர். 1873இல் காலணியுடன் நீதிமன்றத்துள் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இவ்வியக்கத்தின் முன்னோடி. கதவு என்னும் பொருள்படும் ‘லாபோர்த்’ என்ற பிரஞ்சுக் குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டவர். துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆவர். முஸ்லிம்கள் பொதுவாக ஷரீஅத்தை விட்டு நகரவில்லை.

பிரஞ்சுக் குடிமைச் சட்டம் 1804இல் வகுத்த மண வயது, ஆணுக்கு 18, பெண்ணுக்கு 15. ரெனோன்சான் வீட்டுப் பெண்ணுக்கு இந்த வரம்பு உண்டு. வழக்கப்படி மணம் புரிவோரைக் கட்டுப்படுத்தும் வகையில், ஆங்கில இந்தியாவில் பின்னர் எழுந்தது போன்றதொரு குழந்தைமணத் தடை இங்கு எழவில்லை. வழக்கத்தில் தலையிடுவதில்லை என்ற வாக்குறுதியின் மறுபக்கம் இது. இந்த இடைவெளி 1930இல் திடீரென்று விலைமதிப்புப் பெற்றது.

ஆங்கில இந்தியாவின் செய்தியை இங்குச் சுருக்கிச் சொல்லலாம். 1890இல் கல்கத்தாவில் புல்மோனி தாசி என்னும் பதினொரு வயதளவான சிறுமி, கணவனின் செயலால் உயிரிழந்தாள். அதன் எதிரொலியாக 1891இல் சம்மத வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. மணத்தையே தடுக்கும் சட்டம் வர மேலும் நாற்பதாண்டுகள் ஆயின. மோரோபந்த் ஜோஷி தலைமையிலான குழு நாடெங்கும் சாட்சியம் திரட்டி 1929இல் அறிக்கை அளித்தது. ஹர் பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தைமணத் தடைச் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்பது அதன் வரம்பு. சட்டம் நிறைவேறியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடைப்பட்ட மாதங்களில் நாடெங்கும் அவசர அவசரமாக மணங்கள் நடந்தேறின. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இளம் மனைவியரின் தொகை குறைவதற்குப் பதில் கூடியே காணப்பட்டது.

நாள் தவறவிட்டவர்களுக்கு எல்லை கைகொடுத்தது. சட்டம் ஆங்கில இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பதால், வசதியுள்ள குடும்பங்கள் மணவீட்டையே பெயர்த்துக்கொண்டு சுதேச சமஸ்தானங்களுக்கும் பிரஞ்சுப் பகுதிகளுக்கும் சென்றன. வங்காளத்தார்க்குச் சந்திரநாகூர், சென்னை மாகாணத்தார்க்குப் புதுச்சேரி. காலையில் எல்லைச் சாவடியைக் கடந்து வந்த சிறுமி மணப்பெண்ணாகி மீண்டாள். 1938இல் ஆங்கில அரசு சட்டத்தைத் திருத்தி, பிரிட்டிஷ் குடிகள் எங்குச் சென்று மணம் நடத்தினாலும் குற்றமே என்று ஆக்கிற்று. எட்டாண்டுக் காலம் சிறுமியரின் மணத்துக்குப் புகலிடமாக விளங்கிய பெருமை, அல்லது சிறுமை, நம் புதுவைக்கு உண்டு. அதே நகரில் பிரஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த கனக சுப்புரத்தினம், பாரதிதாசன் என்ற பெயரில், குழந்தை மணத்தின் கொடுமையைப் பற்றியும் கருத்தடையை ஆதரித்தும் கவிதைகள் எழுதினார். 1938இல் வெளிவந்த அவரது முதல் தொகுதியில் அவை இடம்பெற்றுள்ளன.

சாரதா சட்டத்தை முஸ்லிம்கள் எவ்வாறு எதிர்கொண்டனர்? இங்கு நம் சமுதாயம் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஜம்இய்யத்துல் உலமா கடுமையாக எதிர்த்தது. மௌலானா முஹம்மத் அலீ ஆங்கில அரசப் பிரதிநிதிக்கே எதிர்ப்பை எழுதினார். மத்தியச் சட்டசபையில் முஹம்மத் அலீ ஜின்னா மசோதாவை ஆதரித்துப் பேசினார். எதிர்த்தவர்களைச் சிறுவர் மணத்தின் காவலர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. கிலாஃபத் இயக்கம் தோற்றுச் சில ஆண்டுகளே ஆன நிலையில், அந்நிய அரசு ஷரீஅத்தின் ஒரு செங்கல்லை உருவினால் மற்றவையும் சரியும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆயினும் அச்சத்தின் விலையைச் செலுத்தியவர் வேறு யாரோ என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சட்டமும் ஒன்றும் வலிமை வாய்ந்ததன்று. மணம் செல்லாது என்று அது சொல்லவில்லை. நடத்தியவருக்குத் தண்டனை உண்டு. நடந்த மணம் நிற்கும். முறையிடுபவரிடம் நூறு ரூபாய் வரை பிணைமுறி கேட்கப்படலாம். ஓராண்டு கடந்தால் முறையீடே இல்லை. சிறுமிக்கு அதில் கிட்டிய பரிகாரம் ஏதுமில்லை.

இதே கேள்வி முஸ்லிம் உலகின் பிற இடங்களில் முன்னமே எழுந்திருந்தது. துருக்கியின் உஸ்மானிய அரசு, கலீஃபா அரியணையில் இருந்த நாளிலேயே, 1917இல் குடும்பச் சட்டம் ஒன்றை இயற்றி, பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுவனையும் ஒன்பது வயது நிரம்பாத சிறுமியையும் யாரும் மணமுடித்துக் கொடுக்கலாகாது என்றது. நால்வர் மத்ஹபுகளில் அதற்கு இடமில்லாதபோது, பருவமெய்தாதவரின் மணத்தை ஏற்காத இப்னு ஷுப்ருமா, அபூபக்ர் அல்அஸம் ஆகிய பண்டைய அறிஞர்களின் கருத்தை அது துணையாகக் கொண்டது. எகிப்து 1923இல் வேறொரு வழி கண்டது. ஆண் 18, பெண் 16 வயதுக்குக் குறைந்தால் மணத்தைப் பதிவு செய்யக்கூடாது என்றது. மணத்தின் செல்லுந்தன்மையை அது தொடவில்லை. பதிவேட்டை மட்டும் மூடிற்று. இவற்றை அந்நியர் திணித்தவை என்று தள்ளிவிட இயலாது. அறிஞர் மரபின் உள்ளிருந்தே வழி தேடியவை அவை.

இனி ஃபிக்ஹு நூல்களுக்குள் சிறிது நுழைவோம். நம் செய்தியின் உயிர்நாடி அங்கே இருக்கிறது. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் ஷாபிஈக்கள். உள்நாட்டு இராவுத்தர்களும் உருது பேசுவோரும் ஹனஃபீக்கள். புதுச்சேரி நகரில் இருசாராரும் கலந்தே வாழ்ந்து வருகின்றனர். ஷாபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான இமாம் நவவீயின் மின்ஹாஜுத் தாலிபீன், வான் டென் பெர்க் என்பவரால் பிரஞ்சில் பெயர்க்கப்பட்டு 1882 முதல் 1884 வரை பத்தாவியாவில் அச்சாயிற்று. டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் ஷாபிஈ ஃபிக்ஹு பிரஞ்சு மொழியில் அச்சேறியது என்பது, இந்துமாக்கடலின் இரு கரைகளையும் இணைத்த மத்ஹபின் விரிவைக் காட்டும்.

ஷாபிஈ சட்டத்தின்படி கன்னிப் பெண்ணைத் தந்தையோ, அவர் இல்லாதபோது தந்தைவழிப் பாட்டனாரோ அவளது ஒப்புதலின்றியே மணமுடித்து வைக்கலாம். அவளிடம் கேட்பது விரும்பத்தக்கது, கட்டாயமன்று. பின்வந்த சட்ட வல்லுநர்கள் இவ்வதிகாரத்துக்கு வேலியிட்டனர். தந்தைக்கும் மகளுக்கும் வெளிப்படையான பகை இருக்கலாகாது; மணமகன் தகுதியில் ஒத்தவனாக இருக்க வேண்டும்; மஹர் அவள் நிலைக்குக் குறைவுபடலாகாது. ஆனால் தந்தையும் பாட்டனாரும் இல்லாத சிறுமியை அண்ணனோ சிற்றப்பனோ மணமுடித்துக் கொடுக்க ஷாபிஈயில் வழியே இல்லை. அவள் பருவமெய்தித் தன் வாயால் அனுமதி தரும்வரை காத்திருந்தாக வேண்டும். அநாதைச் சிறுமிக்கு இது பெருங்காவல்.

ஹனஃபீ சட்டம் வேறு பாதையில் செல்கிறது. பருவமெய்திய பெண்ணை எவரும் வற்புறுத்த முடியாது. இது ஹனஃபீக்களின் சிறப்பு. சிறுமியையோ சிற்றப்பனும் மணமுடித்து வைக்கலாம். அதற்கு ஈடாக அவளுக்குக் கியாருல் புலூக் என்னும் பருவத் தேர்வுரிமை உண்டு. பருவமெய்தியதும் அம்மணத்தை வேண்டாமென்று தள்ளி, காஜியிடம் சென்று முறித்துக்கொள்ளலாம். தந்தையும் பாட்டனாரும் செய்த மணத்துக்கு அவ்வுரிமை இல்லை. அவர்களின் அன்பு முழுமையானது என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். ஆகத் தந்தை உயிரோடிருக்கும் சிறுமிக்கு இரு மத்ஹபுகளிலும் கதவு ஒன்றுதான். அதன் திறவுகோல் தந்தை கையில்.

அந்தத் தேர்வுரிமையும் எவ்வளவு நேரம் திறந்திருந்தது? ஹிதாயா போன்ற ஹனஃபீ நூல்களைப் படிக்குந்தோறும் நாம் வியப்பும் வருத்தமும் அடைகிறோம். மணம் நடந்ததை அறிந்த கன்னிப்பெண், முதல் உதிரம் கண்ட அப்போதே தன் மறுப்பைச் சொல்ல வேண்டும். வாய்மூடி இருந்தால் உரிமை போயிற்று. இப்படியோர் உரிமை உண்டென்று எனக்குத் தெரியாது என்று அவள் சொன்னால் ஏற்கப்படாது. ஏனெனில் இஸ்லாமிய நாட்டில் வாழும் சுதந்திரப் பெண்ணுக்குச் சட்டம் கற்க வாய்ப்புண்டு என்பது வாதம். விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணுக்கு மட்டும் அந்த மன்னிப்பு உண்டு. எசமானருக்கு ஊழியம் செய்வதிலேயே அவள் காலம் போயிற்று என்பதால். காஜியார் வீதியில் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடையே வளர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குச் சட்டம் கற்கும் வாய்ப்பு எங்கிருந்தது? பக்தாதிலும் சமர்கந்திலும் இருந்து எழுதியவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் கற்பனை செய்த கல்விச் சமுதாயத்தை நாம் அமைத்துத் தரவில்லை என்பதே குறை. முதல் உதிரம் கண்ட சிறுமி அஞ்சுவாள், ஒளிவாள், தாயிடம் சொல்லவும் நாணுவாள். அந்த நாணத்தின் நாழிகையிலேயே தன் வாழ்நாளின் பெருந்தீர்மானத்தை உரக்க உரைக்க வேண்டும் என்றால், அவ்வுரிமை ஏட்டில்தான் இருக்கும்.

கன்னியின் மௌனமே அவள் சம்மதம் என்னும் பொருள்பட்ட நபிமொழி எல்லோரும் அறிந்தது. அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பது பலரும் மறப்பது. கன்னிப்பெண் வெட்கப்படுவாளே, அவளிடம் எப்படி அனுமதி கேட்பது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வினவியபோது வந்தது அந்த விடை. அதாவது கேட்டாக வேண்டும் என்பது முதலில் உறுதியாயிற்று. வெட்கத்துக்கு இடமளிப்பது இரண்டாவதாக வந்தது. நம் ஊர்களில் இரண்டாவது நிலைத்து முதலாவது தேய்ந்தது. தந்தை விருப்பமின்றி மணமுடித்து வைத்ததாகக் கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அம்மணத்தை முறித்தார்கள் என்று புகாரீயில் வந்துள்ளது. விடுதலை பெற்ற பரீராவின் நிகழ்ச்சி அதினும் நெஞ்சைத் தொடும். அவள் பிரிந்த கணவர் முகீஸ், மதீனாவின் தெருக்களில் தாடி நனைய அழுதுகொண்டு அவள் பின்னே நடந்தார். நபி (ஸல்) அவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டாள். இல்லை, பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றாள். அவளை எவரும் கடிந்துகொள்ளவில்லை. ஒருவரது காதலின் ஆழம் மற்றவரது உரிமையைக் கரைத்துவிடாது என்பதை, முகீஸின் கண்ணீரை மறைக்காமலேயே, ஹதீஸ் பதிவு செய்திருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டத்தை நோக்க வேண்டும். கொடுமையான மணத்திலிருந்து தப்ப வேறு வழியின்றிப் பஞ்சாபில் சில பெண்கள் மதத்தைத் துறந்து மணத்தை முறித்துக்கொண்டனர். இது ஆலிம்களை உலுக்கிற்று. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ 1930களின் தொடக்கத்தில் அல்ஹீலத்துன் நாஜிஸா என்னும் நூலை எழுதி, ஹனஃபீ மத்ஹபில் வழியில்லாத இடங்களில் மாலிகீ மத்ஹபின் தீர்வுகளைக் கையாளலாம் என்று நிறுவினார். முஹம்மத் அஹ்மத் காஸிமீ கொண்டுவந்த மசோதா 1939 மார்ச்சில் சட்டமாயிற்று. கணவர் நான்காண்டுகள் காணாமற்போனால், ஈராண்டுகள் சோறு துணி தராவிட்டால், மூன்றாண்டுகள் இல்லறக் கடமை தவறினால், ஆண்மையற்றவராயிருந்தால், கடுமையான பால்வினை நோய் கொண்டிருந்தால், கொடுமைப்படுத்தினால் பெண் நீதிமன்றம் செல்லலாம். ஆண்மையின்மை வழக்கில் கணவர் கேட்டால் ஓராண்டுத் தவணை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விதித்ததாக ஃபிக்ஹு நூல்கள் கூறும் அதே ஓராண்டு. நான்கு பருவங்களும் ஒருமுறை கடந்தால், நோய் வெப்பத்தாலா குளிர்ச்சியாலா என்று தெரிந்துவிடும் என்ற பழைய மருத்துவக் கணக்கு, ஆங்கில இந்தியச் சட்டத்துக்குள் ஓசையின்றிக் குடியேறியது.

கூச்சமின்றி இவற்றைச் சட்டத்தில் எழுதியது நம் முன்னோரின் பெருமை என்போம். மனைவிக்கு உடலின்பத்தில் உரிமை உண்டு என்பதையும், கணவரின் நோய் மனைவிக்குத் தீங்கு என்பதையும் ஃபிக்ஹு பல நூற்றாண்டுகளாகப் பேசிவந்தது. இமாம் கஸ்ஸாலீ இஹ்யாவின் நிக்காஹ் அதிகாரத்தில், மனைவியின் உடல்நலமும் எழிலும் காக்கவும், பிள்ளைப்பெருக்கத்தின் இடர் தவிர்க்கவும் அஸ்ல் என்னும் கருத்தடை முறையைக் கையாளலாம் என்று எழுதியுள்ளார். கூச்சம் பிற்காலத்தது.

அந்தச் சட்டத்தின் மற்றொரு பிரிவே நம் செய்திக்கு உரியது. பதினைந்து வயதுக்கு முன் தந்தையோ வேறு காவலரோ மணமுடித்து வைத்திருந்தால், பதினெட்டு வயதுக்குள் அவள் அம்மணத்தை மறுக்கலாம், உடலுறவு நிகழ்ந்திருக்கலாகாது. ‘தந்தையோ’ என்ற ஒரே சொல்லில் பல நூற்றாண்டு வேறுபாடு நீங்கியது. முதல் உதிரத்தின் நாழிகை மூன்றாண்டுகளாக நீண்டது.

ஆனால் இவையெல்லாம் கோட்டக்குப்பத்துப் பெண்ணுக்கு. சில கல் தொலைவிலுள்ள முல்லா வீதிப் பெண்ணுக்கு இல்லை. பிரஞ்சு இந்தியாவில், எழுதப்பட்ட சட்டம் என்ற அளவில், வழக்கமே ஆண்டது.

இந்த இடைவெளி புதுச்சேரியில் தனிக் கூர்மை பெற்றதற்குச் சைகோன் ஒரு காரணம். பிரஞ்சு ஆட்சியின் கீழிருந்த இந்தோசீனாவுக்குப் புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் துணி வணிகத்துக்கும் பிற தொழில்களுக்கும் பெருந்தொகையாகச் சென்றனர். சைகோன் நகரின் நடுவே 1935இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்களின் கைவண்ணம். அவர்களிற் சிலர் அங்கே வியட்நாமியப் பெண்களையும் மணந்து குடும்பம் நடத்தினர். ஊரிலிருந்த மனைவி, கடிதத்தையும் கப்பலையும் எதிர்பார்த்திருந்தாள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் இந்தோசீனாவுள் நுழைந்தபோது, அந்தத் தொடர்பும் அறுந்தது. காணாமற்போன கணவரின் மனைவிக்கு ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து, அவர் இறப்பு உறுதியாகும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறது. ஹனஃபீக்களோ அவருடைய வயதொத்தோர் மறையும் வரை என்பர். தொண்ணூறு வயது என்ற கணக்கும் உண்டு. தானவீயின் மாலிகீ வழியான நான்காண்டு, 1939 முதல் கோட்டக்குப்பத்தில் சட்டம், புதுவையில் அன்று. ஒரு பெண்ணின் மகப்பேற்று ஆண்டுகள் எல்லையற்றவை அல்ல. இருபது வயதில் கணவரைப் பிரிந்தவள் முப்பத்தைந்தில் விடுபட்டால், சட்டப்படி அவள் மறுமணத்துக்குத் தகுதியுடையவள். பிள்ளையின்றிக் கழிந்த பதினைந்து ஆண்டுகளை எந்தப் பதிவேடும் குறித்துக்கொள்வதில்லை.

இந்த மௌனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது நாகூரில். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, சிறுவயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் புதினத்தை வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை அளித்தார். முஸ்லிம் பெண்மணி எழுதிய நூலா என்று அக்காலத்தார் வியந்தனர். தலைப்பிலுள்ள அந்தக் கேள்விக்குறியை மணமுறிவுச் சட்டத்தின் காலத்தோடு சேர்த்து வைத்து நோக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆண்கள் சட்டசபையில் விவாதித்த அதே காலத்தில், அடுத்திருந்த ஊரின் ஒரு பெண், மனத்தின் விருப்பம் என்று ஒன்று உண்டு என்று அச்சில் எழுதிக்கொண்டிருந்தார்.

1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரி இந்திய அரசின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் சட்டப்படி இணைந்தது. கொடி இறங்கியதால் சட்டம் இறங்கிவிடவில்லை. முன்னிருந்த சட்டங்கள் மாற்றப்படும்வரை தொடரும் என்று 1962ஆம் ஆண்டுச் சட்டமே கூறிற்று. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், 1939ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம், 1929ஆம் ஆண்டின் குழந்தைமணத் தடைச் சட்டம் மூன்றும் ஒரே மூட்டையாகப் புதுச்சேரிக்கு வந்தது 1968இல், அவ்வாண்டின் 26ஆம் சட்டத்தின் வழியாக. கோட்டக்குப்பத்துப் பெண் பெற்ற உரிமையைப் புதுவைப் பெண் பெற 29 ஆண்டுகள் ஆயின. ஷரீஅத் சட்டம் புதுவைக்கு வந்ததை நம்மவர் போற்றியதுண்டு. உடன் வந்த மணமுறிவுச் சட்டத்தைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் யாரும் விளக்கியதாக நாம் கேட்டதில்லை.

மூன்று சட்டங்களிலும் ஒரு வரி சேர்க்கப்பட்டது. புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்பது அந்த வரி. 2006ஆம் ஆண்டின் குழந்தைமணத் தடுப்புச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கிப் புதியதை வைத்தபோதும், அந்த வரி சொல்லுக்குச் சொல் தொடர்ந்தது. அதே 2006இல் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. பாண்டிச்சேரி, அக்டோபரில் புதுச்சேரி என்று பெயர் மாறியது. ஏப்ரலில் பிரான்சு தன் குடிமைச் சட்டத்தைத் திருத்திப் பெண்ணின் மண வயதைப் பதினைந்திலிருந்து பதினெட்டாக உயர்த்தியது. நெப்போலியன் காலத்து வயது வரம்பைப் பிரான்சு இருநூற்றிரண்டு ஆண்டுகள் கழித்துக் கைவிட்டது. புதுவையின் ரெனோன்சான்கள் பிரஞ்சுச் சட்டத்தின் பழைய வடிவத்தோடு நிற்க, இந்தியச் சட்டமும் அவர்களைத் தொடாமல் ஒதுங்கிற்று. முஸ்லிம் தனிச்சட்டத்தைப் பெண்ணுரிமைக்கு எதிரானதென்று சுட்டிக்காட்ட விரையும் ஏடுகள், இந்த விலக்கைப் பற்றி எழுதக் கண்டதில்லை. இந்த விலக்கின் கூர்மையை வேறு சட்டங்கள் ஓரளவு மழுக்கியுள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டின் குழந்தைகள் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம் எவருக்கும் விலக்களிக்கவில்லை. பதினெட்டுக்குட்பட்ட மனைவியுடன் கொள்ளும் உறவும் குற்றமே என்று உச்சநீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்த்தது. பெண்ணின் மண வயதை 21 ஆக்கும் மசோதா 2021இல் அறிமுகமாகி, 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. பதினெட்டுக்குட்பட்ட முஸ்லிம் பெண்ணின் மணம் பற்றி உயர்நீதிமன்றங்கள் முரண்பட்ட தீர்ப்புகளை வழங்கியுள்ளன. 2024 அக்டோபரில் குழந்தைமணம் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம், தனிச்சட்டங்களோடு இச்சட்டத்துக்குள்ள உறவை முடிவு செய்யாமல் நாடாளுமன்றத்துக்கு விட்டது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பெண்ணின் சம்மதத்தை அளக்க ஒவ்வொரு சட்டமும் அவள் உடலையே கோலாகக் கொண்டது தெரிகிறது. ஹனஃபீ நூல்கள் முதல் உதிரத்தைக் கேட்டன. 1939ஆம் ஆண்டுச் சட்டம் உடலுறவு நிகழ்ந்ததா என்று கேட்கிறது. நிகழ்ந்திருந்தால், அது வற்புறுத்தலால் நிகழ்ந்ததாயினும், பிரிவின் சொற்களில் கதவு மூடப்படுகிறது. பிரஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இன்னும் ஒரு படி சென்றது. வயது நிரம்பாதவளின் மணத்தை, உரிய வயது எட்டி ஆறு மாதம் கடந்தால் எதிர்க்க முடியாது. அதற்குமுன் அவள் கருவுற்றுவிட்டால் அப்போதே எதிர்க்க முடியாது. அநீதியின் விளைவான கருவே அநீதியை முறைப்படுத்தும் சான்றாயிற்று. முன்னேறிய நாட்டின் சட்டம் என்று நம் மூத்தோர் வியந்த சட்டத்தில் இருந்த வரி இது. 2006ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் மட்டுமே இவை எதையும் கேட்பதில்லை. மணமுடிக்கப்பட்ட சிறுமி, உடலுறவு நிகழ்ந்திருப்பினும், பிள்ளை பிறந்திருப்பினும், இருபது வயது நிரம்பும் வரை நீதிமன்றம் சென்று மணத்தை முறித்துக்கொள்ளலாம். பிறந்த பிள்ளை முறையான பிள்ளையே என்றும் அது உறுதி கூறுகிறது. முல்லா வீதிப் பெண்ணும் கோட்டக்குப்பத்துப் பெண்ணும் இன்று இந்த உரிமையில் வேறுபடவில்லை. அவர்களுக்கு இடையே நின்ற பழைய எல்லைக்கோடு, இப்போது ரெனோன்சான் குடும்பத்துப் பெண்ணின் வீட்டு வாசலில் மட்டும் வரையப்பட்டிருக்கிறது.